இருட்டறையைப் பூட்டும் முன்: நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகள், நூலகங்கள், கலைக்கூடங்கள், சமூகக்கூடங்கள் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய கட்டடத்தில் ஜன்னலுக்குக் கருப்புப் பெயின்ட் அடித்த, புகைப்படம் கழுவும் இருட்டறை ஒன்று இருக்கிறது. உள்ளே நீளமான தொட்டி, துணி போட்டு மூடிய ஒன்றிரண்டு என்லார்ஜர்கள் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் கருவிகள்), தொட்டிக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்த பிளாஸ்டிக் கேன்கள். இதைச் சாமான் அறையாக்கிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழும்போது சொல்லப்படும் காரணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் வருவதில்லை. ரசாயனம் ஆபத்து. ஃபிலிமும் காகிதமும் இப்போது யார் செய்கிறார்கள்?

கருப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவி, கையால் பிரிண்ட் போட்டு, கற்க வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கும் குழுவினர் நாங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது. ரசாயனம் பற்றிய பயம் பாதி சரி, பாதி தப்பான இடத்தில் இருக்கிறது. யாரும் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அறையை நடத்தும் முறைதான். எங்கள் வேண்டுகோளும் அதைப் பற்றியதே: சாவியைத் தனி ஆளுக்குக் கொடுக்காதீர்கள், குழுவுக்குக் கொடுங்கள்.

முதலில் பொருள் கிடைப்பது பற்றி. 2004-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் நிறுவனமான இல்ஃபோர்டு கடனில் மூழ்கியது. 2005-இல் கோடாக் கருப்பு-வெள்ளைக் காகிதத் தயாரிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு ஆக்ஃபாஃபோட்டோ திவாலானது. ‘இத்தோடு முடிந்தது’ என்ற பேச்சு அப்போது கிளம்பியது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் இல்ஃபோர்டின் கருப்பு-வெள்ளைத் தொழிற்சாலையை அதன் மேலாளர்களே வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் நடத்தி, ஃபிலிம், காகிதம், ரசாயனம் மூன்றையும் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். செக் நாட்டு ஃபோமாவும் ஜெர்மனியின் அடாக்ஸும் தொழிலில் இருக்கின்றன.

ஒளி பட்ட ஃபிலிமிலும் காகிதத்திலும் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம் டெவலப்பர். அதன் பாக்கெட் வந்து சேராத இடத்தில்கூட வேலை நிற்காது. கோடாக் 1920-களில் வெளியிட்ட டி-76 என்ற ஃபிலிம் டெவலப்பரின் சூத்திரம் ஊரறிந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். சுமார் 750 மி.லி. தண்ணீரை 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதி சல்ஃபைட், பிறகு ஹைட்ரோகுயினோன், கடைசியாக போராக்ஸ். அப்புறம் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் அந்தக் கரைசலில் சரியாகக் கரையாமல் வெள்ளைத் துகளாக நிற்கும். அந்தச் சிட்டிகை கூட இல்லாமல் மெட்டாலைப் போட்டால் கலக்கும்போதே காற்றுப் பட்டு நிறம் ஏறும். வாங்கிக் கொடுக்கும் அலுவலர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: சல்ஃபைட், சல்ஃபேட், சல்ஃபைடு மூன்றும் வேறு வேறு. சல்ஃபைடு வந்து, அதில் அமிலம் பட்டால், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். புட்டி வந்ததும் லேபிளை இரண்டு பேர் படித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

இனி சாவி விஷயத்துக்கு வருகிறோம்.

டெவலப்பர் உபயோகத்தில் தீர்வதைவிடக் காற்றுப் பட்டுக் கெடுவதே அதிகம். கலந்த டி-76 கழுத்து வரை நிரம்பி இறுக மூடிய பாட்டிலில் 6 மாதம் தாங்கும். அதே பாட்டில் பாதி காலியாக இருந்தால் 2 மாதம்தான். ட்ரேயில் ஊற்றிய காகித டெவலப்பர் அன்றைய வேலைக்கு மட்டும், மறுநாள் அதை நம்ப முடியாது. இல்ஃபோர்டு மல்டிகிரேட் டெவலப்பரை 1+9 விகிதத்தில் (ஒரு பங்கு டெவலப்பருக்கு 9 பங்கு தண்ணீர்) கலந்தால் ஒரு லிட்டரில் 8×10 அங்குல ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) காகிதம் 100 தாள் போடலாம், ஃபைபர் (பிளாஸ்டிக் பூசாத) காகிதம் 50 தாள் போடலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. தனியாக வரும் ஒருவர் ஒரு மாலை முழுக்க நின்றாலும் ஒளி கொடுக்கும் நேரத்தைச் சோதிக்கும் டெஸ்ட் ஸ்டிரிப்பெல்லாம் சேர்த்து 20 தாளைத் தாண்டுவது அபூர்வம். கிளம்பும்போது 80 தாளுக்கான சக்தியைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதையே செய்கிறார். ஆறு மாதத்தில் ரசாயனச் செலவைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளிக்கிறது. வருகிறவர்களுக்கும் பாதி நாள் செத்துப்போன டெவலப்பர்தான் கிடைக்கிறது. அதில் கருப்பு ஏறாது, பிரிண்ட் சேற்று நிறத்தில் வரும். இரண்டு தடவை அப்படி வந்தால் புதிதாகக் கற்பவர் மூன்றாம் தடவை வரமாட்டார். ‘யாரும் வருவதில்லை’ என்பது இப்படித்தான் உண்டாகிறது.

அதே ஒரு லிட்டரை வைத்து ஒரே நாளில் நான்கு பேர் நின்றால் டெவலப்பர் கெடுவதற்குள் தீர்ந்துவிடும். என்லார்ஜரில் ஒருவர் ஃபோகஸ் பார்க்க, ட்ரேயில் ஒருவர் பிரிண்டைப் புரட்ட, தொட்டியில் ஒருவர் கழுவ, வெளியே வெளிச்சத்தில் ஒருவர் டெஸ்ட் ஸ்டிரிப்பைப் பார்த்து நேரம் சொல்ல, வேலை தானாக நகரும். ஆகவே வாரத்தில் ஒரு நாளை நிலையாக ஒதுக்குங்கள். விரும்பிய நேரத்தில் விரும்பியவர் சாவி வாங்கிப் போகும் முறையை விட்டுவிடுங்கள். கேட்க அது தாராளம்போல் இருக்கும், நடைமுறையில் அறையைக் கொல்வது அதுதான்.

பயன்படாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸருக்கும் ஒரு கணக்கு உண்டு. இல்ஃபோர்டு ரேபிட் ஃபிக்ஸரை 1+4 கலந்தால் ஒரு லிட்டர் 8×10 ஆர்.சி. 80 தாளுக்கோ, ஃபைபர் 40 தாளுக்கோ, 36 படம் உள்ள 35 மி.மீ. ஃபிலிம் 24 சுருளுக்கோ தாங்கும். ஃபிலிம் ஃபிக்ஸரையும் காகித ஃபிக்ஸரையும் ஒரே கேனில் வைக்கக் கூடாது. ஃபிலிமிலிருந்து கரைந்துவரும் அயோடைடு ஃபிக்ஸரின் வேகத்தைக் குறைக்கும். டெவலப்பராவது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும், தீர்ந்துபோன ஃபிக்ஸர் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். சோதிக்கும் வழி இது: ஃபிலிம் சுருளின் முனையில் வெட்டி எறியும் துண்டை எடுத்து, வெளிச்சத்திலேயே, அதன் மேல் ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு 30 விநாடி கழித்து முழுத் துண்டையும் ஃபிக்ஸரில் போடுங்கள். சொட்டு விழுந்த வட்டமும் சுற்றியுள்ள பகுதியும் வேறுபாடு தெரியாமல் ஒன்றாகத் தெளிய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஃபிலிமை அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸரில் வைக்க வேண்டும். புதிதாகக் கலந்தபோது ஆன நேரம் இரட்டிப்பானால் அந்தக் கேனை ஒதுக்கிவிட வேண்டும். இதை மூன்று பேர் மூன்று நோட்டில் குறித்து வைத்தால் உதவாது. கேன் மேலேயே ஒரு சீட்டு ஒட்டி, கலந்த தேதியும் போட்ட தாள்களுக்குக் கோடும் போட்டால் போதும். இந்தச் சீட்டுக்குப் பொறுப்பு ஒரே ஆள், அவர் யார் என்று கதவில் எழுதியிருக்க வேண்டும்.

அறையைப் பற்றி. பராமரிப்புப் பிரிவினர் நல்லெண்ணத்தோடு செய்யும் சில வேலைகள் எங்களுக்குப் பெரிய தலைவலி. டியூப் லைட்டும் சி.எஃப்.எல். விளக்கும் அணைத்த பிறகும் சிறிது நேரம் மங்கலாக ஒளிரும். சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால் சில எல்.இ.டி. பல்புகளும் அணைந்த பிறகு மினுங்கும். ஏ.சி.யின் எண் பலகை, புகை உணரியின் பச்சைப் புள்ளி, பவர் ஸ்டிரிப்பின் சிவப்பு நியான், ஒன்றையும் ஃபிலிம் மன்னிக்காது. இன்று விற்கும் சாதாரண ஃபிலிம்கள் எல்லா நிறத்துக்கும் கூச்சமுள்ளவை. அவற்றை ரீலில் சுற்றும்போது முழு இருட்டு வேண்டும், சிவப்பு விளக்கும் ஆகாது. அறையைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கதவை மூடி, விளக்கை அணைத்து, 10 நிமிடம் உள்ளே சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் கும்மிருட்டாகத் தெரிந்த அறையில் ஐந்தாம் நிமிடத்துக்கு மேல் கதவின் அடி, எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கை இடுக்கு, சுவருக்குள் ஒயர் போகும் துளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வரும். ஒரு வெள்ளைத் தாளைக் கையில் பிடித்து அசைத்தால் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஃபிலிம் ஏற்ற அந்த அறை லாயக்கில்லை.

காகிதம் அவ்வளவு கறார் இல்லை. அதற்குச் சேஃப் லைட், அதாவது காகிதத்தைப் பாதிக்காத நிற விளக்கு, உண்டு. ஆனால் கடையில் வாங்கிய சிவப்பு அலங்கார பல்பைச் சேஃப் லைட் என்று மாட்டிவிடுவது பரவலான தவறு. மேலே பூசிய சாயத்தின் வழியே பச்சையும் நீலமும் கசியும். ஒரு பழைய சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் அந்தப் பல்பின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பார்த்தால், சிவப்புப் பட்டை மட்டும் தெரிய வேண்டும். பக்கத்தில் பச்சை தெரிந்தால் கழற்றிவிடுங்கள். இது முதல் வடிகட்டல்தான். சரியான சோதனை காகிதத்தில் செய்வது. முதலில் எந்தச் சேஃப் லைட்டும் இல்லாமல், என்லார்ஜரில் காகிதம் முழுவதற்கும் இலேசான சாம்பல் நிறம் வரும் அளவு ஒளி கொடுக்க வேண்டும். பிறகு சேஃப் லைட்டின் கீழ், வழக்கமாக வேலை நடக்கும் தூரத்தில் காகிதத்தை வைத்து அதன் மேல் நாணயங்களை வரிசையாக வைத்து, 1, 2, 4, 8 நிமிடம் என்று பகுதி பகுதியாக மறைக்க வேண்டும். சேஃப் லைட்டை அணைத்துவிட்டு டெவலப் செய்தால், எந்த நிமிடத்திலிருந்து நாணயத்தின் வட்டம் தெரிகிறதோ அதற்கு முந்தைய அளவே உங்கள் எல்லை. முன்கூட்டி ஒளி கொடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தக் காகிதமும் ஒரு குறைந்தபட்ச அளவு ஒளி படும்வரை நிறம் காட்டாது. ஒளியே படாத காகிதத்தை வைத்துச் சோதித்தால், கெட்ட விளக்கும் தேறிவிடும். படம் பதிந்த காகிதம் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டியிருப்பதால் கொஞ்சம் கசிவும் அதில் உடனே ஏறும். அதன் பலன், படத்தில் மேகமும் வெள்ளைச் சட்டையும் மங்கிப்போய் நிற்கும். குற்றம் காகிதத்தின் மேல் விழும்.

என்லார்ஜரைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறோம், அது சொன்ன பேச்சைக் கேட்கும் கருவி. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6×6 செ.மீ.க்கு 80 மி.மீ., முழுத் திறப்பிலிருந்து இரண்டு மூன்று படி (ஸ்டாப்) மூடி எஃப்/8 வாக்கில் வைத்தால் தெளிவு. நெகட்டிவ் தட்டு, லென்ஸ் தளம், கீழ்ப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு மூலை தெளிவாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். விசிறி ஓடும் மேசையில் அதை வைக்காதீர்கள், நடக்கும் அதிர்வுகூடப் படத்தில் ஏறும்.

ரசாயன ஆபத்து பற்றி மறைக்க ஒன்றுமில்லை. மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்பும். ஆகவே வெறும் கையை ட்ரேயில் விடுவது எங்கள் அறைகளில் கிடையாது. நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு ட்ரேக்கும் தனி இடுக்கி. ஃபிக்ஸர் இடுக்கி டெவலப்பருக்குள் போனால் பிரிண்டில் கறை வரும், ஆதலால் இந்த விதி தோலுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. பொடியைக் கலக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும், அப்போது முகக்கவசம் கட்டாயம். மூக்கைத் துளைக்கும் வாடைக்குக் காரணம் பெரும்பாலும், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் உள்ள அசெட்டிக் அமிலமும், அமில ஃபிக்ஸரிலிருந்து எழும் சல்ஃபர் டை ஆக்சைடும். பின்னது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அசெட்டிக்குக்குப் பதில் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டால் முதல் வாடை போய்விடும். இரண்டாவதற்குக் காற்றோட்டம்தான் வழி. மணிக்கு 10 முறை அறைக் காற்று மாறும் அளவுக்கு விசிறி வேண்டும். அதைவிட முக்கியம் விசிறி இருக்கும் இடம். கூரையில் மாட்டினால் ட்ரேயிலிருந்து எழும் ஆவி குனிந்து நிற்பவரின் முகத்தைக் கடந்து மேலே போகும். ட்ரேக்குப் பின்னால், தொட்டி மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் முகத்துக்கு வராமலே வெளியேறும். இந்த ஒரு மாற்றத்துக்கு நீங்கள் பணம் ஒதுக்கினால் வேறெதுவும் கேட்கமாட்டோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஈரக் கையும் மின்சாரமும் ஒரே அறையில் இருப்பதால் மின்கசிவு தடுப்பான் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

பிரிண்டின் நிறத்தை மாற்றும் சல்ஃபைடு டோனரையும், சூடான வலுவான அமிலம் தேவைப்படும் எந்தச் செய்முறையையும் பொது அறையில் நாங்கள் அனுமதிப்பதில்லை. வேண்டுபவர் எவ்வளவு திறமைசாலி என்பது இங்கே கணக்கில்லை.

கழிவுநீரில் உங்கள் கவலை டெவலப்பர் மேல் இருக்கிறது, இருக்க வேண்டியதோ ஃபிக்ஸர் மேல். படத்தில் பயன்படாத வெள்ளி முழுவதும் கரைந்து சேருமிடம் அதுதான். அதைச் சாக்கடையில் விடக் கூடாது, செப்டிக் டாங்கில் நிச்சயமாகக் கூடாது. உபயோகித்த ஃபிக்ஸரைத் தனிக் கேனில் சேர்த்து, உள்ளே எஃகு நார் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து அதன் இடத்தில் வெள்ளி படியும். நாள்பட அடியில் கருஞ்சேறாகத் திரளும். அதை வெள்ளி மீட்பவர்களிடம் கொடுக்கலாம். எஃகு நார் வெள்ளியை ஒரு துளி விடாமல் எடுத்துவிடாது, எனவே மீதித் தண்ணீரை உங்கள் பகுதிக் கழிவு விதி சொல்லும் வழியில்தான் அனுப்ப வேண்டும். ஃபிக்ஸர் போகும் குழாய் செம்பாக இருந்தால் அரிக்கும், பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் செலவு பற்றியும் கேட்பீர்கள். ஆர்.சி. காகிதத்துக்கு ஓடும் தண்ணீரில் 2 நிமிடம் போதும். ஃபிலிமைக் குழாயடியில் அரை மணி நேரம் விட வேண்டியதில்லை. ஃபிலிம் கழுவும் மூடிய டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, கடைசியாக 20 முறை: இல்ஃபோர்டு சொல்லும் இந்த வழியில் 35 மி.மீ. சுருளுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் டெவலப்பரின் வெப்பநிலையிலேயே இருக்க வேண்டும், திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும். தண்ணீர் குடிப்பது ஃபைபர் காகிதம். ஹைப்போ, அதாவது ஃபிக்ஸரின் உப்பு, அதன் நார்களுக்குள் ஊறிவிடும், சும்மா கழுவினால் ஒரு மணி நேரம் ஆகும். 2 சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்துவிட்டுக் கழுவினால் அந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். இதைச் செய்யாமல் அவசரத்தில் காயவைத்த பிரிண்ட் சில ஆண்டுகளில் பழுப்பேறும். கண்காட்சிக்கு என்று உங்கள் சுவரில் மாட்டப்போகும் படங்களும் அதில் சேர்த்தி.

ஆக, நாங்கள் கேட்பவை அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு பொறுப்பாளர்கள், ட்ரேக்குப் பின்னால் ஒரு விசிறி, மின்கசிவு தடுப்பான், பூட்டுப் போட்ட ஒரு ரசாயன அலமாரி. வெள்ளை விளக்கின் சுவிட்சைக் கை தவறிப் படாத உயரத்துக்கு மாற்றிக் கொடுத்தால் நன்றி. ரசாயனத்தையும் காகிதத்தையும் குழுவே சந்தா போட்டு வாங்கிக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் மூடுவதுதான் முடிவு என்றால், என்லார்ஜரை எடைக்குப் போடுவதற்கு முன் எங்களைப் போன்ற ஏதாவது ஒரு குழுவுக்குச் சொல்லுங்கள். நெகட்டிவ் கேரியர், லென்ஸ் பலகை, கண்டென்சர், ஃபில்டர் டிராயர் முதலிய சின்னச் சாமான்கள் இழுப்பறைகளில் சிதறிக் கிடக்கும். அவற்றை அந்தந்த என்லார்ஜரோடு சேர்த்தே கட்டுங்கள். ஒரு கம்பெனியின் கேரியர் இன்னொன்றில் உட்காராது.

தொட்டிக்கு அடியில் இருக்கும் லேபிள் இல்லாத கேன்களை மட்டும் யாரும் இப்போது திறந்து கொட்ட வேண்டாம், ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டாம். காபி நிறத்தில் இருப்பது அநேகமாகச் செத்த டெவலப்பர். நிறமற்று இருப்பதில் ஒரு சொட்டை ஃபிலிம் துண்டில் விட்டு அது தெளிந்தால் ஃபிக்ஸர், உள்ளே வெள்ளியும் இருக்கும். இரண்டிலும் சேராத கேனை நாங்களும் மோந்து பார்க்கமாட்டோம், அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் போகும். நாள் சொல்லுங்கள், வந்து பிரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
இருட்டறைக் குழுவினர்